சுண்ணாம்பு ஊக்கியில் உயிர் டீசல்: குடாநாடு கவனிக்க வேண்டிய கரைவு

எரிபொருள் தட்டுப்பாடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் புதிதல்ல. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. வீடுகளில் ஜாம் போத்தல் விளக்குகள் எரிந்தன. 2022 இல் நாடு முழுவதுமே எரிபொருளுக்காக வரிசையில் நின்றது. வேம்பு, இலுப்பை, புன்னை எண்ணெய்களிலோ பொரித்து எஞ்சிய எண்ணெயிலோ டீசல் தயாரிக்க முடியாதா என்ற கேள்வி இத்தகைய வேளைகளில் இயல்பாகவே எழும்.

முடியும். எண்ணெயை மெதனோலுடன் சேர்த்து 60 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கிக் கலக்கினால், உயிர் டீசலும் கிளிசரோலும் கிடைக்கும். 100 கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 10 கிலோ கிளிசரோல் பிரியும். இத்தாக்கம் விரைவாக நடக்க ஊக்கி ஒன்று தேவை. வழக்கமாகப் பயன்படுவது சோடியம் ஐதரொட்சைட்டு. விலை குறைவு, வேகம் அதிகம். ஆனால் அது முழுவதுமாகக் கரைந்துவிடும். அதை அகற்ற எரிபொருளைப் பலமுறை நீரால் கழுவ வேண்டும். காரமும் சவர்க்காரமும் கலந்த கழிவுநீர் மிஞ்சும்.

இதற்கு மாற்றாகவே திண்ம ஊக்கிகள் ஆராயப்படுகின்றன. அவற்றுள் மலிவானது கல்சியம் ஒட்சைட்டு, அதாவது சுட்ட சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லையோ சிப்பி, முட்டை ஓடுகளையோ 900 பாகை அளவில் சுட்டால் அது கிடைக்கும். குடாநாட்டின் அடித்தளமே சுண்ணாம்புக்கல்தான். 1990 இல் மூடப்படும் வரை காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை அந்தக் கல்லை நம்பியே இயங்கியது. வேலை முடிந்ததும் ஊக்கியை வடித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம் என்பதே எதிர்பார்ப்பு.

சிக்கல் இங்கேதான். திண்மமாகப் போட்டது திண்மமாகவே இருப்பதில்லை. கல்சியம் ஒட்சைட்டு மெதனோலுடனும் கிளிசரோலுடனும் தாக்கமுற்றுச் சிறிது சிறிதாகக் கரைகிறது. எண்ணெயில் கட்டற்ற கொழுப்பமிலம் அதிகமாக இருந்தால் கல்சியம் சவர்க்காரமும் உருவாகும். வேப்பெண்ணெய், இலுப்பை எண்ணெய், பழைய பொரியல் எண்ணெய் ஆகியவற்றில் இந்த அமிலம் கூடுதலாக இருப்பது வழக்கம். அவற்றை முதலில் அமில ஊக்கியால் பக்குவப்படுத்த வேண்டும். சுட்ட சுண்ணாம்பைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரமும் காபனீரொட்சைட்டும் அதன் வலுவைக் குறைத்துவிடும்.

கரைந்த கல்சியம் எரிபொருளோடு சென்றால் வடிகட்டியை அடைக்கும்; எரிபொருள் பீச்சியில் படியும். எனவேதான் ஐரோப்பிய நியமம், கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்து ஒரு கிலோ எரிபொருளில் 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது.

ஊக்கி கரைகிறதா என்பதை அறிய எளிய சோதனை உண்டு. தாக்கம் பாதியில் இருக்கும்போது, சூடு ஆறாமல் ஊக்கியை வடித்துவிட்டு மிகுதிக் கலவையை மட்டும் தொடர்ந்து சூடாக்க வேண்டும். உயிர் டீசலின் அளவு மேலும் கூடினால், கரைந்த பகுதியும் வேலை செய்கிறது. அதே ஊக்கியை நான்கைந்து முறை பயன்படுத்தி, ஒவ்வொரு முறையும் விளைச்சலையும் எரிபொருளிலுள்ள கல்சியத்தையும் அளப்பது அடுத்த படி. ஒரு தடவை கிடைத்த நல்ல விளைச்சல் எதையும் நிரூபிக்காது.

சுண்ணாம்பு தன்னளவில் கொடிய நஞ்சல்ல; நமது கிணற்று நீரில் ஏற்கனவே கல்சியம் உண்டு. ஆனால் கழிவோடு போவது சுண்ணாம்பு மட்டுமல்ல. மெதனோல் பார்வையையும் உயிரையும் பறிக்கக் கூடியது. சில ஆய்வுகளில் பயன்படும் பேரியம் ஊக்கிகள் எளிதில் கரைவன. அவற்றின் கரையும் சேர்வைகள் நச்சுத்தன்மையுள்ளவை. துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணாம்புப் பாறை நிலத்தில் ஊற்றிய கழிவு கிணற்றை அடைய நெடுங்காலம் எடுக்காது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை மக்கள் மறக்கவில்லை. அவ்வழக்கில் அனல் மின் நிலைய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது.

ஆகவே குடாநாட்டில் உயிர் டீசல் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டால், எத்தனை லீற்றர் கிடைக்கும் என்பதோடு மூன்று கேள்விகளையும் மக்கள் கேட்க வேண்டும்: ஊக்கி எவ்வளவு கரைகிறது? மெதனோல் மீட்கப்படுகிறதா? கழிவுநீர் எங்கே போகிறது? எரிபொருளைக் கப்பலில் கொண்டுவரலாம். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. குடிக்கப் பெரிதும் நம்பியிருப்பது கிணற்றைத்தான்.