யமனில் நீர்ப் பங்கீடு: மடையிலிருந்து ஆழ்துளை வரை

திருக்குர்ஆனின் 34ஆவது அத்தியாயத்தை ஓதும்போது ஸபஃ மக்களின் இரு தோட்டங்களையும் ‘அரிம்’ வெள்ளத்தையும் நாம் காண்கிறோம். அந்தத் தோட்டங்களுக்கு நீர் தந்த அணையின் எச்சங்கள் யமன் நாட்டு மாரிப் நகருக்கு அருகே இன்றும் நிற்கின்றன. சுமார் 600 மீட்டர் நீளமிருந்த மண்கரை போய்விட்டது. இரு முனைகளிலும் செதுக்கிய கல்லால் எழுப்பிய மதகுகள் எஞ்சியுள்ளன. பலமுறை உடைந்து பலமுறை செப்பனிடப்பட்ட அணை அது என்பதை அங்குள்ள கல்வெட்டுகள் காட்டுகின்றன. அவற்றுள் ஒன்றைப் பொறித்தவன், யானைப் படையோடு கஃபாவை இடிக்கப் புறப்பட்ட அதே அப்ரஹா! கி.பி. 540களில் கோத்திரங்களைத் திரட்டி அவன் அணையைப் பழுதுபார்த்தான். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் உடைந்தபோது அதை எடுத்துக்கட்ட எவரும் முன்வரவில்லை.

அணை போன பிறகும் யமனியர் பல நூற்றாண்டுகள் வேளாண்மை செய்தே வாழ்ந்தனர். அவர்களை வாழவைத்த பங்கீட்டு ஒழுங்கையும், அது நம் காலத்தில் குலைந்த விதத்தையும் பற்றியே நாம் இங்கு எழுத விரும்புகிறோம்.

யமனில் ஆண்டு முழுதும் கடல்வரை ஓடும் பேராறு கிடையாது. மலையில் மழை பெய்தால் ‘வாதி’ எனப்படும் பள்ளத்தாக்குகளில் திடீரெனக் காட்டாறு பாயும். சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ வடிந்துவிடும். அந்தக் குறுகிய பொழுதில் யார் வயலுக்கு முதலில் நீர், எவ்வளவு நீர் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இல்லையேல் மண்வெட்டியும் வாளுமே முடிவு செய்யும்.

மதீனாவில் இத்தகைய வழக்கொன்று நபி (ஸல்) அவர்களிடம் வந்ததை நாம் அறிவோம். ஹர்ராப் பகுதி ஓடையின் நீர் குறித்து ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் பிணக்கு. ஸுபைருடைய நிலம் மேல்மடையில் இருந்தது. அவர் பாய்ச்சிக்கொண்டு அண்டை நிலத்துக்கு விட்டுவிடட்டும் என்று நபியவர்கள் முதலில் இணக்கமாகச் சொன்னார்கள். உறவினர் என்பதால் சலுகை காட்டுவதாக அன்ஸாரி குறைகூறவே, மேல்மடைக்காரரின் முழு உரிமையையும் தீர்ப்பாகவே வழங்கினார்கள். மதீனாவின் வேறிரு ஓடைகளுக்கு, மேல்வயலில் கணுக்கால் அளவு நீர் நின்றதும் கீழே திறந்துவிட வேண்டும் என்னும் அளவும் அவர்கள் வகுத்ததாக ஹதீஸ் நூல்களில் வருகிறது. கணுக்கால் அளவு என்பது எத்தனை அழகான அளவு! எழுத்தறியாத உழவரும் வரப்பில் நின்றபடியே சரிபார்க்கலாம், அதிகாரி வேண்டியதில்லை.

மேலிருந்து கீழாக என்ற இந்த முறையே யமனின் வாதிகளிலும் வேரூன்றியது. செங்கடலை ஒட்டிய திஹாமா சமவெளியில் ஸபீத் என்றொரு நகர் உண்டு. நம்மில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் கல்விக்கூடமாக அது ஒரு காலத்தில் திகழ்ந்தது. அங்கு ஓடும் வாதி ஸபீதின் நீரை மேல், நடு, கடை என மூன்று பிரிவினருக்கும் பருவம் பிரித்துக் கொடுக்கும் ஒழுங்கை சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் ஷைகு ஜபர்த்தி வகுத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மேல்மடையின் தவணை முடிந்ததும், வயல் நனைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், நீர் அடுத்த பிரிவுக்குச் செல்ல வேண்டும். மேல்மடைக்காரர் தடுக்கும் கரைகள் மண்ணாலும் மரக்கிளைகளாலும் ஆனவை. பெருவெள்ளம் வந்தால் அவை தாமே அடித்துச் செல்லப்பட்டு, கடைமடைக்கும் நீர் போய்ச் சேர்ந்துவிடும். அந்தக் கரையின் பலவீனமும் ஒழுங்கின் ஒரு பகுதியாகவே இருந்திருக்கிறது.

1970களின் இறுதியில் அந்த மண்கரைகளின் இடத்தில் கான்கிரீட் தடுப்பணைகள் வந்தன. வெளிநாட்டுக் கடனுதவி, 1973இல் நிறுவப்பட்ட திஹாமா மேம்பாட்டு ஆணையம், பொறியாளர்கள் என எல்லாமே நன்னோக்கத்தோடு வந்தவைதாம். ஆனால் வெள்ளத்தால் உடையாத கரை மேல்மடைக்காரரின் கையில் சேர்ந்தது. அவர்கள் ஆண்டு முழுதும் நீர் கேட்கும் வாழையைப் பயிரிட்டார்கள். கடைமடை வறண்டது.

கிணறுகளின் கதை இதைவிடக் கடுமையானது. கிணறு தோண்டியவருக்கு அதைச் சுற்றி ‘ஹரீம்’ என்னும் காப்பெல்லை உண்டு. 40 முழம் எனக் கூறும் ஹதீஸ் இப்னு மாஜாவில் உள்ளது. பிறர் கிணறு தம் கிணற்றின் ஊற்றைக் குறைத்துவிடாதிருப்பதும் இந்த எல்லையின் பயன்களுள் ஒன்று என ஃபிக்ஹு அறிஞர்கள் பேசியுள்ளனர். தேவைக்கு மிஞ்சிய நீரை மனிதருக்கும் கால்நடைக்கும் மறுக்கலாகாது என்பதும் அவர்கள் வலியுறுத்தியதே. வெட்டுக் கிணற்றில் மாட்டையோ ஒட்டகத்தையோ பூட்டிக் கவலை இறைத்த காலத்துக்கு இது போதுமானதாக இருந்தது. விலங்கு களைத்தால் இறைப்பு நிற்கும். இரவில் ஊற்று நிரம்பும்.

தலைநகர் ஸன்ஆவின் பழைய பகுதியில் பள்ளிவாசல்களை ஒட்டி ‘மக்ஷாமா’ எனப்படும் தோட்டங்கள் உண்டு. பள்ளிக் கிணற்றிலிருந்து இறைத்த நீரில் மக்கள் உளூச் செய்தார்கள். செலவான நீர் தாழ்வான தோட்டத்துக்கு ஓடி முள்ளங்கியும் கீரையும் வளர்த்தது. நிலம் வக்ஃபு; பயிரிட்டவர் ஊர்க்காரர். நம் பள்ளிகளின் ஹவ்ளு நீர் எங்கே போகிறது என்று எண்ணிப் பார்க்கையில், இது நமக்குச் சற்று வெட்கத்தையே தருகிறது.

1970களில் வளைகுடா நாடுகளில் உழைத்த யமனியரின் பணம் ஊருக்கு வந்தது. கூட்டுறவு, வேளாண் கடன் வங்கி குறைந்த வட்டியில் கடன் தந்தது. டீசலுக்கு அரசு மானியம் அளித்தது. ஆழ்துளை இயந்திரங்கள் மலைநாட்டுக்குள் நுழைந்தன. காட் என்னும் போதையிலைச் செடி நல்ல விலைக்குப் போனது. இன்று பாசன நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதுவே குடிக்கிறது. சில பத்து மீட்டரில் கிடைத்த நீர் ஸன்ஆ வடிநிலத்தின் பல இடங்களில் சில நூறு மீட்டருக்குக் கீழே இறங்கிற்று. பள்ளிக் கிணறுகள் வற்றின, மக்ஷாமாக்களில் பல தரிசாயின. 40 முழத்துக்கு அப்பால் என்ன, ஒரு கல் தொலைவுக்கு அப்பால் துளையிட்டாலும் அண்டை வீட்டாரின் நீரை இழுத்துவிடும் கருவி அது. பழைய எல்லை கவலை ஏற்றத்துக்குரியது. புதிய கருவிக்கு ஏற்ற எல்லையை வகுக்க உலமாக்களும் கோத்திரத் தலைவர்களும் உரிய காலத்தில் கூடவில்லை. தலைவர்கள் பலரிடமே ஆழ்துளைகள் இருந்ததும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

அரசு விழித்தபோது காலம் கடந்திருந்தது. 1990களில் தஇஸ் நகர மக்களுக்குக் குழாய் நீர் சில வாரங்களுக்கு ஒருமுறையே வந்தது. அந்நகருக்காக அருகிலுள்ள ஹைமாப் பகுதியில் ஆழ்துளைகள் இறக்கப்பட, அவ்வூர் உழவரின் கிணறுகள் வற்றி மோதல் மூண்டது. 1995இல் தேசிய நீர்வள ஆணையமும், 2002இல் நீர்ச் சட்டமும், 2003இல் நீர், சுற்றுச்சூழல் அமைச்சகமும் பிறந்தன. உரிமம் இன்றிக் கிணறு தோண்டலாகாது என்றது சட்டம். நாட்டின் நீரில் ஏறத்தாழ 90 விழுக்காடு வேளாண்மைக்குப் போகிறது; பாசனமோ வேளாண் அமைச்சகத்திடமே இருந்தது. புதிய அமைச்சகத்தின் கைக்குக் கிட்டியது மிச்சம்தான். உரிமம் பெறாத துளைகள் தொடர்ந்து இறங்கின. மானியத்தைக் குறைக்க 2005 ஜூலையில் டீசல் விலையை ஏற்றியபோது கலவரம் வெடித்துப் பலர் மாண்டனர். அரசு உயர்வின் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றது.

சட்டம் தோற்ற அதே ஆண்டுகளில் சில சிற்றூர்கள் தாமே கூடி முடிவெடுத்தன. இனிப் புதிய துளை வேண்டாம், இன்ன தொலைவுக்குள் தோண்டலாகாது, ஊருக்கு வெளியே நீர் விற்கலாகாது எனக் கட்டுப்பாடு செய்துகொண்டு, வரும் இயந்திர வண்டியை ஊரெல்லையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். பழைய ஹரீமின் பெயரிலேயே புதிய தொலைவைக் குறித்துக்கொண்ட ஊர்களும் உண்டு.

2015இல் போர் பெருகியது. 2017 முடிவதற்குள் காலரா எனச் சந்தேகிக்கப்பட்டோர் எண்ணிக்கை 10 இலட்சத்தைத் தாண்டியது. டீசல் கிடைக்காமல் போகவே உழவர்கள் சூரிய ஒளித் தகடுகளுக்கு மாறினார்கள். இப்போது பம்பை ஓட்ட எரிபொருள் செலவில்லை. பொழுது விடிந்தது முதல் சாயும்வரை நீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. அதற்குரிய கணுக்கால் அளவை இன்னும் எவரும் குறிக்கவில்லை.