குடுவைக்குள் நித்தியகல்யாணி

சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கி, சிலர் இதை வாசலில் வைக்க மாட்டார்கள். ஆடும் வாய் வைக்காது, அவ்வளவு கசப்பு. அந்தக் கசப்புதான் ஆல்கலாய்டு.

நித்தியகல்யாணியின் தாய்வீடு மடகாஸ்கர். 1952-இல் ஜமைக்காவிலிருந்து அதன் 25 இலைகள் கனடாவுக்கு வந்தன. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதில் கஷாயம் வைக்கிறார்களாம். கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் இலைச் சாற்றை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளையணுக்கள் இறங்கின. சார்லஸ் பீரும் அவரும் அந்தச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. பின்னாலேயே வின்கிறிஸ்டின் வந்தது, ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு.

ஆனால் ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். ராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் இதைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்ததும் இதற்காகத்தான். வயலே வேண்டாம், செல்லை மட்டும் வளர்த்தால் என்ன என்று ஆய்வகங்கள் இறங்கின.

கிருமி நீக்கிய இலைத்துண்டை, சர்க்கரையும் உப்புகளும் ஹார்மோனும் கலந்த அகர் மேல் வைப்பார்கள். சில வாரங்களில் வெட்டிய ஓரம் வீங்கி, உப்புமா போல உதிரியாக ஒரு திரள் கிளம்பும். அதன் பெயர் கேலஸ். அதைத் திரவத்தில் உதிர்த்துக் குலுக்கிக்கொண்டே இருந்தால், குடுவை நிறையக் கஞ்சி மாதிரி செல்கள். வளர்கிற மும்முரத்தில் அவை மருந்துப் பக்கம் திரும்புவதே இல்லை. 2,4-டி ஹார்மோனை நிறுத்தி, பூஞ்சைச் சாறோ மெத்தில் ஜாஸ்மோனேட்டோ விட்டால், எதிரி வந்துவிட்டான் என்று மிரண்டு கசப்பைத் தயாரிக்கும். அஜ்மலிசின் வரும், கேத்தரந்தின் வரும். வின்டோலின் மட்டும் வராது. கேத்தரந்தினும் வின்டோலினும் சேர்ந்தால்தானே வின்பிளாஸ்டின்!

இலைக்குள் நடப்பது கூட்டுக் குடித்தனம். மேல்தோல் செல்கள் பாதி வேலையை முடித்து, உள்ளேயிருக்கும் பால்குழாய்ச் செல்களிடம் தள்ளிவிடுகின்றன. வின்டோலின் அங்கேதான் முழுமையடைகிறது. கேத்தரந்தினோ இலையின் மெழுகுப் பூச்சில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒன்று திண்ணையில், ஒன்று அடுப்படியில். இரண்டும் சந்திப்பதே அபூர்வம். 500 கிலோ கணக்கு இப்போது புரிகிறதல்லவா? குடுவையில் திண்ணையும் இல்லை, அடுப்படியும் இல்லை. இலையைப் பிரித்துப்போட்டால் இலையின் வேலை நடக்காது என்பதைக் குடுவைதான் நமக்குக் காட்டிக்கொடுத்தது. அந்த வகையில் அந்த உழைப்பு வீண் போகவில்லை என்பேன்.

2022-இல் செடியின் மரபணுக்களை ஈஸ்ட்டுக்குள் புகுத்தி இரண்டு பொருளையும் செய்ய வைத்து, ரசாயன முறையில் இணைத்தும் காட்டிவிட்டார்கள். ஆனாலும் மருத்துவமனைக்கு வரும் வின்கிறிஸ்டின் புட்டிக்கு மூலம் இன்னும் வயலில் காய்ந்த இலைதான்.