வைகறைக்கு இசை தந்த விருந்தாளி

வானொலிப் பெட்டி வீட்டுக் கூடத்தில் மதிப்போடு வீற்றிருந்த காலம் ஒன்று இருந்தது. சுபுஹுத் தொழுகை முடித்து ஆடவர் வீடு திரும்பும் வேளையில், பெண்டிர் அடுப்பு மூட்டும் வேளையில், அன்றைய ஒலிபரப்பு தொடங்குவதற்கு அறிகுறியாக அப்பெட்டியிலிருந்து ஓர் இசை எழும். தம்புராவின் சுருதி அடியில் ஓட, அதன்மேல் வயலின் ஒன்று சில சுரங்களை மெல்ல இழைத்து ஓயும். அதில் சொல் இல்லை, பாட்டும் இல்லை. எனினும் அதைக் கேட்டதும் பொழுது விடிந்தது என்று வீடு அறிந்துகொள்ளும்.

திருச்சி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தொடங்கப்பெற்றது. காரைக்காலில் அன்று பிரெஞ்சுக் கொடி பறந்தது. 1954 நவம்பர் முதல் நாளன்று ஆட்சி கைமாறும்வரை அக்கொடி இறங்கவில்லை. ஆயினும் அரசுகள் இட்ட எல்லைக் கற்களைக் காற்றலை பொருட்படுத்துவதில்லை. அகில இந்திய வானொலியின் அந்த முகப்பிசையை அறியாதார் நம்மில் அரியர். அதனை ஆக்கியவர் பெயரை அறிந்தாரோ மிகச் சிலர். அவர் இந்நாட்டில் பிறந்தவரல்லர். நாடிழந்து இங்கு அடைக்கலம் புகுந்த பியானோக் கலைஞர். வால்ட்டர் காஃப்மன் என்பது அவர் பெயர்.

காஃப்மன் 1907ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், பொஹீமியா நாட்டில், வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன கார்ல்ஸ்பாத் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெர்லினில் இசைக்கல்லூரியில் பயின்றார். பிராகு நகரில் இசையியல் ஆராய்ந்தார். ஆய்வு நிறைவுறும் தறுவாயில், தம் பேராசிரியர் நாஜி இளைஞர் அமைப்பொன்றின் தலைவர் என்று அறிந்ததும், கைக்கெட்டிய டாக்டர் பட்டத்தை வேண்டாமென்று உதறினார் எனக் கூறுவர். 1933இல் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சியைப் பற்றினான். வரவிருந்த கொடுமையை முன்னுணர்ந்த இளைஞர் கப்பலேறினார். 1934 பிப்ரவரியில் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கியபோது அவருக்கு வயது இருபத்தாறு.

வந்த சில மாதங்களிலேயே அவர் பம்பாய் அறையிசைக் கழகத்தை நிறுவினார். அறையிசை என்பது நாலைந்து கலைஞர் ஒரு சிறு கூடத்தில் அமர்ந்து வாசிக்கும் மேனாட்டு மரபு. பார்சி சமூகத்தைச் சேர்ந்த மெஹ்லி மேத்தா வயலின் வாசிக்க, காஃப்மன் பியானோ வாசித்தார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற இசைக்குழு நெறியாளர் சூபின் மேத்தாவின் தந்தையே இந்த மெஹ்லி மேத்தா. வியாழன்தோறும் நடைபெற்ற அக்கச்சேரிகள் 1937 மே மாதத்திற்குள் 136 ஆயின என்பது பதிவு. இடையறாத உழைப்புக்கு இதனினும் சான்று வேண்டுமோ!

ஆனால், நாம் ஊன்றி நோக்க வேண்டியது இந்த உழைப்பை மட்டுமன்று. இந்திய இசையை அவர் முதன்முதல் இசைத்தட்டுகளில் கேட்டபோது அது அவருக்கு முற்றிலும் அந்நியமாக ஒலித்தது, ஒன்றும் விளங்கவில்லை. இத்தகைய நிலையில் மேனாட்டார் பலர், “இது இசையே அன்று” என்று தீர்ப்பெழுதி ஒதுங்கினர். காஃப்மன் வேறு விதமாக எண்ணினார். இதனை ஆக்கியோரும் இதயமும் அறிவும் படைத்த மாந்தரே. கோடானுகோடி மக்கள் இதனை நேசிக்கின்றனர். அங்ஙனமாயின் குறை இசையில் இல்லை, என் செவியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். இசை பிறந்த இடத்திற்கே சென்று கற்பதே வழி எனத் துணிந்தார்.

இங்கே அல்பிரூனி நம் நினைவுக்கு வருகிறார். கஜ்னி மஹ்மூதின் காலத்தில் இந்நாட்டிற்கு வந்த அப்பேரறிஞர், சமஸ்கிருதம் பயின்று, 1030ஆம் ஆண்டு வாக்கில் இந்தியரின் சமயத்தையும் கணிதத்தையும் வழக்கங்களையும் அரபு மொழியில் ஆராய்ந்து எழுதினார். பிற மக்களை அறியவொட்டாமல் தடுக்கும் திரைகள் எவை என்பதையே அந்நூலின் தொடக்கத்தில் அவர் வரிசைப்படுத்துகிறார். மொழியின் கடுமையை அவற்றுள் முதலில் வைக்கிறார். திரையை அறிந்தவனே திரையை விலக்க முற்படுவான். ஒன்பது நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்த இவ்விருவரையும் இணைப்பது இந்த ஒரு பண்பே.

காஃப்மனின் முன்னிருந்த இடர்ப்பாடு எத்தகையது? பியானோவில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே சுரம். அது முன்னரே நிறுத்தப்பட்டது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லவோ, சுரத்தை அசைக்கவோ அதில் இயலாது. நம் இசைக்கோ கமகமே உயிர். இதே குறையைக் காரணம் காட்டி, 1940 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆர்மோனியத்தை வானொலி விலக்கியே வைத்திருந்தது. தம் கருவியின் எல்லையை உணர்ந்த காஃப்மன், அக்கருவியைக் கொண்டு நம் இசையை அளக்க முற்படவில்லை. பாடகரையும் வாத்தியக்காரரையும் நாடிச் சென்று கேட்டார். மத்திய இந்தியாவின் கோண்டு, பைகா பழங்குடி மக்களின் பாடல்களையும் ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார்.

1937 முதல் 1946 வரை அவர் பம்பாய் வானொலியில் மேனாட்டு இசைப் பிரிவின் பொறுப்பாளராக விளங்கினார். வானொலியின் முகப்பிசை 1930களின் பிற்பாதியில் உருவானது. அதனை இயற்றியவர் வேறொருவர் என்பாரும் உளர். எனினும் காஃப்மனே என்பதே அறிஞர் பலரின் துணிபு. சிவரஞ்சனி இராகத்தின் சாயல் கொண்ட அவ்விசையில் வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா என்பர். வயலின் மேனாட்டிலிருந்து வந்து நமதாகிவிட்ட கருவி, தம்புரா நம்முடையது. வந்தவனும் இருந்தவனும் ஒரே பாயில் அமர்ந்ததுபோல் அவ்விரண்டும் அதில் ஒன்றுகின்றன.

பம்பாயில் அவர் கற்பித்தார், திரைப்படங்களுக்கு இசையமைத்தார், ‘அனசூயா’ என்னும் வானொலி இசை நாடகத்தை ஆக்கி 1939இல் ஒலிபரப்பினார், 1943இல் ‘இந்திய சிம்ஃபொனி’ இயற்றினார். இத்தனையும் நிகழ்ந்தது எந்தக் காலத்தில்? ஐரோப்பாவில் அவருடைய இனத்தார் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்ட காலத்தில். அவர் மனைவி கெர்ட்டி, எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் தங்கை எல்லியின் மகள். எல்லியும் காஃப்காவின் மற்ற இரு தங்கையரும் நாஜிகளின் கையில் மாண்டனர். பம்பாய் அவ்விருவருக்கும் உயிர்ப்பிச்சை தந்த ஊர் என்றால் அது மிகையன்று.

1946இல் அவர் இந்தியாவை விட்டு இங்கிலாந்து சென்றார். பின்னர் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகர இசைக்கூடத்தில் பியானோப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1948 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் வின்னிபெக் நகர இசைக்குழுவை நடத்தினார். இறுதியாக அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். எங்கே சென்றாலும் இந்தியா அவரைவிட்டுப் பிரியவில்லை. ‘மெட்ராஸ் எக்ஸ்பிரஸ்’ என்று நம் ஊர் இரயிலின் பெயரிட்டு அவர் இயற்றிய பல்லிய இசை 1948இல் பாஸ்டனில் அரங்கேறியது. 1968இல் வட இந்திய இராகங்களைப் பற்றியும், 1976இல் தென்னிந்திய இராகங்களைப் பற்றியும் பெருநூல்கள் வெளியிட்டார். பின்னதில் 72 மேளகர்த்தாக்களின்கீழ் நம் இராகங்களை அவர் நிரல்படுத்தியுள்ளார். ஒன்றும் விளங்கவில்லை என்று தொடங்கியவர், நாற்பது ஆண்டு கழித்து மற்றவர்க்கு விளக்கும் ஆசானாக உயர்ந்தார். 1984 செப்டம்பரில் காலமானார். அவர் இயற்றிய அறையிசைப் படைப்புகள் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தன. கனடாவின் டொரொண்டோ நகரக் கலைஞர்கள் 2020இல் அவற்றை வாசித்து வெளியிட்டனர்.

இனி நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். சபர் என்ற சொல்லின் கனம் காரைக்காலுக்கும் நாகூருக்கும் தெரியும். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று கப்பலேறிய தகப்பன்மாரின் கடிதங்களை எதிர்பார்த்தே நம் வீடுகள் வாழ்ந்தன. 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே திரும்பியோரும் உண்டு. 1975க்குப் பின் சைகோன் கடைகளைப் பூட்டிவிட்டு வந்தோரும் உண்டு. தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் சைகோனில் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அம்மட்டில் அது பெருமையே.

ஆனால், அந்நாட்டு மக்களின் பாட்டையும் மொழியையும் கதையையும் கற்று நாம் எழுதிவைத்த நூல்கள் எத்தனை? தலைமுறை தலைமுறையாகச் சைகோனில் வாழ்ந்தும், அவ்வூரைப் பற்றி நம் பிள்ளைகள் படிக்கத் தமிழில் நாம் விட்டுச்சென்ற ஏடு எது? பொருள் ஈட்டச் சென்றோருக்கு ஓய்வேது என்று கேட்கலாம். உயிர் பிழைக்க ஓடிவந்தவருக்கும் ஓய்வு இருக்கவில்லை. ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் நம் இசையைக் கற்றார். கற்றதை உலகிற்குச் சொன்னார். தங்கவைத்த நாட்டுக்கு ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் கேட்கத்தக்க ஒன்றைத் தந்துவிட்டுச் சென்றார்.

இன்றும் நம் இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்கும் பிரான்சுக்கும் செல்கின்றனர். பெட்டி கட்டும்போது தாய்மார் ஊறுகாயும் துஆவும் கொடுத்தனுப்புவது நம் வழக்கம். அவற்றோடு ஒரு சொல்லும் சேரட்டும்: “வாப்பா, போகும் ஊரில் விளங்காத ஒன்றைக் கண்டால், குறை அதில் இருக்கிறது என்று உடனே முடிவு கட்டிவிடாதே. கேட்டுப் பார், கற்றுப் பார், எழுதி வை.”