யப்பானியக் கைத்தொலைபேசி விளையாட்டுகளும் ஒன்பது வீதக் கழிவும்

கைத்தொலைபேசிக்கு விளையாட்டை இறக்கிக் காசு கட்டும் வழக்கம் ஐபோனோடு வந்ததென்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆப்பிளின் கடை திறந்தது 2008இல். யப்பானில் அதற்கு ஏழு வருடங்களுக்கு முன்பே அது நாளாந்த வியாபாரம்.

என்.ரி.ரி. டொக்கோமோ நிறுவனம் ஐ-மோட் சேவையை 1999 பெப்ரவரி 22இல் தொடங்கியது. மின்னஞ்சல், செய்தி, வங்கிக் கணக்கு எல்லாம் சின்னத் திரைக்கு வந்தன. 2001 ஜனவரியில் வந்த 503ஐ வரிசைக் கைத்தொலைபேசிகளில் ஜாவா மொழியில் எழுதிய 'ஐ-அப்ளி' செயலிகளை இறக்கிச் சேமிக்கலாம். அளவு 10 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. இன்று நாம் உறவினருக்கு அனுப்பும் ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரிது.

கணக்குப் பார்ப்பது எங்கள் தொழில் என்பதால் எங்களை ஈர்ப்பது காசு போன வழிதான். 128 பைட் கொண்ட ஒரு பொதிக்கு 0.3 யென் கட்டணம். 10 கிலோபைட் என்றால் 80 பொதிகள், அதாவது 24 யென். விளையாட்டுத் தளத்துக்கு மாதச் சந்தா வேறு. ஆரம்பத்தில் அதன் உச்சவரம்பு 300 யென். கடனட்டை தேவையில்லை, எல்லாம் தொலைபேசிப் பட்டியலிலேயே சேர்ந்து வரும். டொக்கோமோ 9 வீதத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தளம் நடத்தியவரிடம் கொடுத்தது. 300 யென்னில் அவருக்கு 273. ஆப்பிள் பின்னர் அறவிட்ட 30 வீதத்தின்படி 210தான் மிஞ்சியிருக்கும். சிறு நிறுவனங்களும் துணிந்து இறங்கியதற்கு இந்தக் கழிவே பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து. டொக்கோமோவுக்கும் நட்டமில்லை, பொதிக் கட்டணம் முழுவதும் அதற்கே. ஆனால் சிறுதொகைச் சந்தா பட்டியலுக்குள் மறைந்துவிடும். நிறுத்த மறந்தவர் மாதாமாதம் கட்டிக்கொண்டே இருப்பார். பிள்ளைகளின் கைத்தொலைபேசிப் பட்டியலை வரிவரியாகப் பார்க்கும் பெற்றோருக்கு இது புதிதல்ல.

ஜே-போன், கேடிடிஐ ஆகியனவும் அதே 2001இல் ஜாவாவுக்கு மாறின. அடுத்த வருடம் 504ஐ வரிசையில் அளவு 30 கிலோபைட் ஆனது. 2004இல் 900ஐ வரிசை 'டிராகன் குவெஸ்ட்', 'பைனல் பான்டசி' விளையாட்டுகளோடே விற்பனைக்கு வந்தது.

இறக்கிய விளையாட்டு அந்தக் கருவிக்குள்ளேயே கிடந்தது. கருவி பழுதானால் மறுபடி இறக்கத் தளம் இருக்க வேண்டும். தளங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, காசு கட்டி வாங்கியவரிடம்கூடப் பிரதி இல்லை. ஜி-மோட் நிறுவனம் தன் பழைய விளையாட்டுகள் சிலவற்றை 2020 முதல் நின்டெண்டோ சுவிட்ச் கருவிக்கு மீட்டு வெளியிட்டு வருகிறது. ஐ-மோட் சேவைக்கு டொக்கோமோ குறித்த இறுதி நாள் 2026 மார்ச் 31.