இரும்பு எரியாது

நாங்கள் இருப்பது குருனர்லொக்காவில், 1890களில் எழுந்த ஒரு செங்கல் கட்டடத்தில். நிலவறையில் வீட்டுக்கொரு பலகையடைப்பு உண்டு. எங்களுடையதில் பனிச்சறுக்குக் கட்டைகள், மகளின் பழைய தள்ளுவண்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு சூட்கேஸ். அண்ணாந்து பார்த்தால் வரிசையாக இரும்புக் கேடர்கள், அவற்றுக்கிடையே சிறு வளைவுகளாகக் கட்டிய செங்கல். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்களில் இதே கூரையை நம்மவர்களும் பார்த்திருப்பார்கள்.

சென்ற ஆண்டு குடியிருப்போர் கூட்டத்துக்கு வந்த தீப்பாதுகாப்புப் பொறியியலாளர், அந்தக் கேடர்களின் அடிப்பக்கத்தை மூடவேண்டும் என்றார். "இரும்பு எரியாதே, பிறகென்ன?" என்று கேட்டார் மூன்றாம் மாடி முதியவர். செலவுத் தொகையைப் பார்த்திருந்த நானும் மனதுக்குள் அதையே கேட்டேன்.

ஒஸ்லோவில் இது பழைய கேள்வி. 1624 ஓகஸ்டில் மூன்று நாள் எரிந்த தீ மரத்தாலான பழைய ஒஸ்லோவை அழித்தது. அரசர் நான்காம் கிறிஸ்தியான் நகரத்தையே பியோர்விகாவின் மறுகரைக்கு, அகர்ஸ்ஹுஸ் கோட்டையடிக்கு மாற்றித் தன் பெயரையும் வைத்தார். தெருக்கள் ஏறக்குறைய 15 மீற்றர் அகலம். வீடுகள் கல்லிலோ செங்கல்லிலோ, முடியாதவர்களுக்கு மரச்சட்டத்தில் செங்கல் நிரப்பியோ கட்டப்பட வேண்டும். அதற்கும் வசதியில்லாதவர்கள் நகர எல்லைக்கு வெளியே போய் மரவீடு கட்டினார்கள். கம்பன், ரூதலொக்காவின் அழகான மரவீடுகள் இன்று விலை உயர்ந்தவை. 1878 வரை எல்லைக்கு வெளியே இருந்ததால்தான் அவை மரத்தில் எழுந்தன. 1904இல் ஓலெசுண்ட் எரிந்து பத்தாயிரம் பேர் வீடிழந்த பிறகு, நாட்டின் மற்ற நகரங்களுக்கும் செங்கல் கட்டாயமானது.

செங்கல் சுவர் தீயை அடுத்த வீட்டுக்குப் போகாமல் தடுக்கும். சுவர்களுக்கிடையே தளத்தைத் தாங்குவது எது? எங்கள் கட்டடத்தின் மேல்மாடிகளில் மர உத்தரங்கள். அவற்றுக்கிடையே பலகை பரப்பி மேலே களிமண் கொட்டியிருக்கிறார்கள். சத்தத்துக்கும் தீக்கும் அதுதான் தடை. நிலவறையில் மட்டும், ஈரத்தில் மரம் உக்கும் என்பதால், இரும்பு.

இரும்பு எரியாதுதான், ஆனால் தளர்ந்துவிடும். 600 பாகை செல்சியஸில் உருக்கின் பலம் பாதிக்கு வந்துவிடும். மூடப்பட்ட அறையில் பிடித்த தீ அந்த வெப்பத்தைச் சில நிமிடங்களில் எட்டும். அதோடு பத்து மீற்றர் உத்தரம் ஏழெட்டு சென்ரிமீற்றர் நீண்டு, தாங்கும் சுவரையே வெளியே தள்ளும். தடித்த மரமோ மேலே கரியாகி, அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும். இதைப் பொறியியலாளர்களுக்கு முன்பே தீயணைப்பாளர்கள் அறிந்திருந்தார்கள். இலண்டன் தீயணைப்புத் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட், மூடாத இரும்பை நம்பாதீர்கள் என்று 1849இலேயே எச்சரித்தார். 1861இல் தூலி வீதிப் பண்டகசாலைத் தீயில் சுவர் விழுந்து இறந்தார். 1871இல் சிக்காகோவில் 'தீப்பிடிக்காத' இரும்புக் கட்டடங்களும் விழுந்த பின்னரே, அமெரிக்கர்கள் இரும்பைச் சுட்ட களிமண் ஓட்டினால் போர்த்தத் தொடங்கினார்கள். 2001இல் நியூயோர்க்கில் விமானங்கள் மோதியபோது, தளங்களைத் தாங்கிய உருக்கின்மேல் தெளித்திருந்த காப்புப்பூச்சு உதிர்ந்தது. இரு கோபுரங்களும் விழ அதுவும் ஒரு காரணம்.

இன்று வழிகள் பல: கொங்கிறீற், தெளிப்புப்பூச்சு, சூட்டில் பலமடங்கு பொங்கி நுரையாகும் பெயின்ற். எங்களுக்குச் சொன்னது மலிவானது, ஜிப்சம் பலகை. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர். அது ஆவியாகித் தீரும்வரை பின்னாலுள்ள இரும்பு நூறு பாகையை அதிகம் தாண்டாது. இவ்வளவு செய்வது கட்டடத்துக்காக அல்ல, நான்காம் மாடியிலிருந்து ஒருவர் படியிறங்கி வெளியே வரும் நேரத்துக்காக. அதைப் பொறியியலாளர் சொன்னதும் முதியவர்தான் முதலில் கையுயர்த்தினார். முழங்கால் வலியோடு நாளும் அந்தப் படியில் இறங்குபவர் அவர்.

மார்ச்சில் பலகை அடித்து முடித்தார்கள். கூரை நாலு விரல் தாழ்ந்துவிட்டது. மேல்தட்டில் இருந்த சூட்கேஸ் இப்போது உள்ளே போகாது. மனைவி அதை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள்.