எண் பெற்ற இசை: ஒரு வரலாற்று நோக்கு

மூங்கிலையும் துறையையும் தன் பெயரிலேயே தாங்கிய ஊர் மூங்கில்துறைப்பட்டு. அதனை அடுத்து ஓடும் தென்பெண்ணை கிழக்கே சென்று திருக்கோவலூரை அடைகிறது. பாரியின் மகளை மலையனுக்கு மணஞ்செய்து கொடுத்துவிட்டுக் கபிலர் அங்கே தீப்புகுந்தார் என்று, அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுக் கூறுகிறது. அக்கபிலர் அகநானூற்றின் 82ஆம் பாட்டில் விந்தையானதோர் இசையரங்கைக் காட்டுகிறார். அசையும் மூங்கிலின் துளைகளிற் புகுந்த மேல்காற்றுக் குழலிசை ஆகிறது; அருவியின் ஒலி முழவாகிறது; கலைமான்களின் குரல் தூம்பாகிறது; வண்டு யாழாகிறது; மந்திகள் வியந்து நோக்க மயில் ஆடுகிறது. அவ்வரங்கில் இசைப்பவர் எவரும் இல்லை. கேட்டவர் ஒருவர் இருந்தார்.

இசைப்பவர் இன்றி இசை பிறக்குமா என்னும் வினா நம் காலத்தில் மீண்டும் எழுந்துள்ளது. தற்செயலாகச் சுரங்களைத் தேர்ந்து கோத்துத் தரும் கணினி மென்பொருள்கள் பெருகிவிட்டன. இவை மேலைநாட்டார் நேற்றுக் கண்ட புதுமை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். இவற்றின் வேர் நம் மண்ணிலும் ஆழ ஓடியிருப்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாழும் இயந்திரமும்

பல சுரங்களை ஒருசேர ஒலிக்காமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சிதறவிட்டு இசைப்பதை மேலை இசையார் ஆர்பெஜ்ஜியோ என்பர். நரம்புகளை ஒவ்வொன்றாக மீட்டும் ஆர்ப் என்னும் கருவியின் பெயரடியாகப் பிறந்த இத்தாலியச் சொல் அது. அக்கருவியோ நம் பழைய யாழுக்கு உறவு. 1981இல் ஜப்பானிய ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட ஜூபிடர் 8 என்னும் மின்னிசைக் கருவியில், அழுத்திய கட்டைகளின் சுரங்களை ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் இசைக்கும் வசதியோடு, எந்த ஒழுங்குமின்றித் தற்செயலாக இசைக்கும் வசதியும் இருந்தது. 1983இல் மிடி என்னும் பொதுமுறை வந்தபின் கருவியும் கணினியும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. தமிழ்த் திரையிசையில் 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்திற்காக இளையராஜா கணினியைக் கையாண்டது பலரும் அறிந்த செய்தி.

இம்முயற்சி கணினிக்கும் முந்தியது. 1757இல் கிர்ன்பெர்கர் என்னும் ஜெர்மானியர், பகடை உருட்டி நடனப் பாடல் அமைக்கும் முறையை நூலாகவே வெளியிட்டார். இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 1957 அளவில், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஹில்லரும் ஐசக்சனும் இல்லியாக் என்ற கணினியைக் கொண்டு நான்கு நரம்புக் கருவிகளுக்கான ஓர் இசைப்படைப்பை உருவாக்கினர். கணினி தற்செயலாக எண்களைப் பிறப்பிக்கும்; ஒவ்வோர் எண்ணும் ஒரு சுரம்; இசையிலக்கண விதிக்குப் பொருந்துவது நிற்கும், பொருந்தாதது தள்ளப்படும். பிறப்பித்தலும் தள்ளுதலும் ஆகிய இவ்விரண்டு தொழிலே இவ்வகை மென்பொருளின் சாரம்.

பிரஸ்தாரமும் மேளமும்

இவ்விரு தொழிலும் நம் முன்னோர்க்குப் புதியன அல்ல. 13ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் வாழ்ந்த சார்ங்கதேவர், தம் சங்கீத ரத்னாகரத்தில், சுரங்களின் எல்லா வரிசைகளையும் விரித்துக் காட்டும் பிரஸ்தாரம் என்னும் முறையை விளக்கினார். ச, ரி, க என மூன்று சுரம் கொண்டால் சரிக, ரிசக, சகரி, கசரி, ரிகச, கரிச என ஆறு வரிசை, நான்கிற்கு 24, ஐந்திற்கு 120, ஆறிற்கு 720, ஏழிற்கு 5040. அவர் அத்துடன் நிற்கவில்லை. இத்தனையாவது வரிசை எது என்று கேட்டால் சுரங்களைச் சொல்லும் வழிக்கு நஷ்டம் என்றும், இவ்வரிசை எத்தனையாவது என்று கேட்டால் எண்ணைச் சொல்லும் வழிக்கு உத்திஷ்டம் என்றும் பெயர். 5040 வரிசைகளையும் எழுதிப் பார்க்காமலே விடை காணக் கண்டமேரு என்னும் கட்டத்தை வகுத்தார். இன்று ஒரு நிரல், 1 முதல் 5040 வரை ஓர் எண்ணைத் தற்செயலாக எடுத்து அதனைச் சுரவரிசையாக மாற்றுமாயின், அது செய்வது நஷ்டமே. பகடை ஒன்றுதான் புதிது.

17ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையைச் சார்ந்த வேங்கடமகி, சதுர்தண்டி பிரகாசிகையில் மேளங்களை இவ்வாறே கணக்கிட்டார். ரி, க சேர்க்கை ஆறு, த, நி சேர்க்கை ஆறு, மத்திமம் இரண்டு, ஆகப் பெருக்கினால் 72. அவர் காலத்தில் வழங்கியவையோ 19 மேளங்களே. எஞ்சிய 53உம் எண் மட்டும் பெற்று, பாட்டுப் பெறாமல் கிடந்தன. பிற்காலத்தில் அவை உயிர்பெற்ற வரலாற்றில், 72 மேளங்களிலும் தமிழிலேயே கீர்த்தனை இயற்றிய கோடீசுவர ஐயருக்குத் (1870–1936) தனியிடம் உண்டு. அத்தொகுப்பின் பெயர் கந்த கானாமுதம். கணக்கு இடம் வகுத்தது. புலவர் வந்து குடியேறினார்.

யாப்பும் தெரிவும்

கவிஞர்களாகிய நமக்கு இன்னும் அண்மையில் ஒரு சான்று உண்டு. நேர், நிரை என்னும் இரண்டே அசை. அவற்றை அடுக்கினால் ஓரசைச்சீர் 2, ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16, ஆக 30 என அமிதசாகரர் யாப்பருங்கலக்காரிகையில் முற்ற எண்ணுகிறார். இது பிரஸ்தாரமே. ஆயின் எண்ணியவை எல்லாம் செய்யுளில் ஒப்ப வழங்குவதில்லை. நாலசைச்சீர் பதினாறும் அருகியே வரும். வெண்பாவோ மூவசைச்சீர் எட்டில் காய்ச்சீர் நான்கையே ஏற்கும். கனிச்சீரை வாயிலிலேயே நிறுத்திவிடும். இல்லியாக் கணினி தள்ளியதும் வெண்பா தள்ளுவதும் ஒரே வகைத் தொழில்.

ஆனால், விதிக்குப் பொருந்தியது அனைத்தும் பாட்டாகிவிடுமா? தளை தட்டாத வெண்பா உயிரற்றுக் கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம்; நம்மில் சிலர் எழுதியும் இருக்கிறோம். இசையிலும் அவ்வாறே. ஏறுவரிசையும் இறங்குவரிசையும் ஒன்றாகவே இருந்தும், எந்தச் சுரத்தில் நின்று அசைவது, எதனைத் தொட்டுவிட்டு நழுவுவது என்பதிலேயே இராகம் இராகமாகிறது. கமகத்தை நீக்கிச் சுரப்பெயர்களை மட்டும் குலுக்கி எடுத்தால் கிடைப்பது இராகத்தின் எலும்பு. இயந்திரத்தின் தற்செயலும் பெரும்பாலும் உண்மைத் தற்செயல் அன்று. தொடக்க எண் ஒன்றாயின் ஒவ்வொரு முறையும் அதே வரிசையே திரும்ப வரும்.

செய்யுளையும் இயந்திரம் எழுதிக் காட்டும் இந்நாளில், இலக்கிய வட்டத்தாரிடையே ஓர் அச்சம் நிலவுவதை அறிவேன். பிறப்பிக்கும் தொழில் நம் கையைவிட்டுப் போய்விட்டது என்பதே அவ்வச்சம். வரலாறு கூறுவது வேறு. எல்லா வரிசையையும் பிறப்பிக்கும் வழியைச் சார்ங்கதேவர் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். அதன்பின்னும் பாடுவோர் பாடினர். 5040இல் எது என்று தெரிந்து எடுப்பதும், எடுத்ததன்மேல் உள்ளம் தோய்வதும் அன்றும் மனிதர்க்கே விடப்பட்டன.

கபிலருக்கு முன்னும் பின்னும் மூங்கிலில் காற்றுப் புகுந்துகொண்டுதான் இருந்தது. துளையை அவர் இடவில்லை. காற்றை அவர் ஏவவில்லை. அவர் செய்தது, நின்று கேட்டது. கேட்டதைக் குழல் என்று அறிந்தது. அந்தச் செவியைக் காத்துக்கொள்வோமாயின், எந்த இயந்திரம் எத்தனை வரிசைகளைக் கொட்டினாலும் நாம் அஞ்ச வேண்டுவதில்லை.