தந்தையின் தொட்டியும் மகனின் மண்ணும்

புதிதாக அமைத்த செடித்தொட்டியில் மீன் விடுமுன் நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும் என்பது இன்று மீன் வளர்ப்போரின் முதற்பாடம். இதற்குச் 'சைக்ளிங்' என்று பெயர். தமிழ்க் காதுக்கு மிதிவண்டிதான் முதலில் தோன்றும். குறிக்கப்படுவதோ நைட்ரஜன் சுழற்சி. மீன்கழிவின் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட்டாகவும், அதனை வேறொருவகை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதலிரண்டும் நஞ்சு. அந்த நுண்ணுயிர்கள் பெருகாத நீரில் மீன் தன் கழிவாலேயே மடியும்.

இந்த அறிவு மீன்தொட்டியில் பிறந்ததன்று.

1849இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், ஏறத்தாழ 12 காலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் மணலும் சேறும் இட்டு, வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறு தங்கமீன்களை விட்டார். மீன் வெளிவிடும் கரியமில வாயு செடிக்கு, செடி தரும் பிராணவாயு மீனுக்கு என்பது அவர் கணக்கு. இலைகள் அழுகி நீர் கலங்கியபோது குளத்து நத்தைகளைச் சேர்த்தார். அவை அழுகலைத் தின்ன, நீர் தெளிந்தது. மறு ஆண்டே இதனை வேதியியல் சங்க இதழில் வெளியிட்டார். அழகான கணக்குத்தான், ஆனால் அதில் அம்மோனியாவுக்கு இடமில்லை. தொட்டியைக் காத்ததில் சேற்றோடு வந்த நுண்ணுயிர்களுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும். அதை அறியாமலே 1867இல் அவர் மறைந்தார்.

பத்தாண்டுகள் கழித்து, 1877இல், பிரான்சில் ஷ்லோசிங்கும் மியூன்ட்ஸும் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டனர். இருபது நாள் ஒன்றும் நிகழவில்லை. அதன்பின் அம்மோனியா மறைந்து நைட்ரேட் தோன்றியது. வெறும் வேதிவினையாயின் இந்த இருபது நாள் தாமதம் எதற்கு? குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. மண் கரைத்த நீரை ஊற்றியதும் மீண்டும் தொடங்கியது. செய்வது உயிர் என்பது உறுதியாயிற்று. இன்றைய மீன் வளர்ப்போர் காத்திருப்பதும் இந்தத் தாமதத்திற்காகவே.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இவ்வாய்வைத் தொடர்ந்தவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். தங்கமீன் வளர்த்தவரின் மகன். தந்தை தொட்டி அமைத்தபோது அவருக்கு வயது பதினொன்றிருக்கும். மாற்றம் இரு படிகளில், இரு வேறு உயிர்களால் நிகழ்கிறது என்று அவர் காட்டினார். ஆனால் அவற்றைத் தனித்துப் பிரிக்க அவரால் இயலவில்லை. அன்றைய ஜெலாட்டின் ஊடகத்தில் அவை வளரா. கரிமப் பொருள் கலவாத ஊடகத்தைக் கையாண்டு 1890இல் வெற்றி கண்டவர் வினோகிராட்ஸ்கி.

மண்ணில் கண்டறிந்த 'நைட்ரோபாக்டர்' என்ற பெயரே நெடுங்காலம் மீன்தொட்டிக்கும் வழங்கிற்று. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது அதுவன்று, 'நைட்ரோஸ்பைரா' என்று தெரியவந்தது 1998இல்தான்.